அறுந்த காத்தாடி, அறுபடாத நூல்

சிங்கப்பெருமாள் கோவிலில் மூலவரை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்றிவர வேண்டும். பாடலாத்ரி நரசிம்மர் இருப்பது பல்லவர் காலத்துக் குடைவரை. கருவறையும் பாறையும் ஒன்றுதான். அந்தக் குன்றுக்கு மேலே செம்பருந்து வட்டமடித்தால் சுற்றி வருபவர்கள் ஒரு நிமிடம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெருமாள் ஊரில் செம்பருந்து என்றால் கருடன். கும்பாபிஷேகத்தின்போது அது வரவில்லை என்றால் பெரியவர்களுக்கு மனசு ஆறாது.

அந்தக் கருடன் பறக்கும் உயரத்தில்தான் இப்போது நைலான் நூலும் ஏறுகிறது.

அன்றைய காத்தாடியை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இந்த ஊரைச் சுற்றியும் ஏரி, ஏரிக்கரை, கரைக்குக் கீழே நஞ்சை, வரப்போரம் பனை வரிசை. தையில் அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வயலும், கோடையில் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயும்தான் பிள்ளைகளுக்குக் காத்தாடித் திடல். துடைப்பத்திலிருந்து உருவிய தென்னை ஈர்க்கு இரண்டு, பழைய பேப்பர், ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை, வாலுக்குக் கிழிந்த புடவைக் கரை. நூலைக் கட்டும் சூத்திரம் சரியாக விழுந்தால் காத்தாடி ஏறும். கோணினால் கரணம் போட்டுத் தலைகுப்புற இறங்கும். பனை உச்சியைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு அவன்தான் ராஜா.

செலவு என்று இருந்தது நூலுக்கு மட்டும்தான். மளிகைக்கடைப் பொட்டலத்தில் சுற்றி வந்த நூலைப் பிரித்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, குச்சியில் சுற்றிச் சேர்ப்பார்கள். கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பையன் தையல் நூல்கண்டு கொண்டுவருவான். கஷ்டப்பட்டுச் சேர்த்த நூல் என்பதால் யாரும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். காத்தாடி பனையில் மாட்டி அறுந்தால்கூட, கைக்கு எட்டும் வரை இழுத்து, மீதியைச் சுற்றி எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அன்று பறவைகள் தப்பியதற்குப் பிள்ளைகளின் இரக்கம் காரணம் அல்ல. உண்டிவில்லால் மைனாவை அடித்த அதே பிள்ளைகள்தான் காத்தாடியும் விட்டார்கள். பறவைகளைக் காப்பாற்றியது நூலின் குணம். அது பருத்தி. கொக்கின் இறக்கை பட்டால் நூல்தான் அறும், கொக்கு பறந்துவிடும். மரத்தில் தங்கிப்போன துண்டும் ஓர் ஐப்பசி அடைமழைக்கு மேல் தாங்காது, நைந்து உதிர்ந்துவிடும்.

அறுக்கிற காத்தாடியும் அன்று இல்லாமல் இல்லை. ஆனால் அது பட்டணத்து ஆட்டம். வடசென்னைத் தெருக்களில் பாட்டிலையும் ட்யூப்லைட்டையும் இடித்துத் தூளாக்கி, துணியில் சலித்து, வஜ்ஜிரமும் ஜவ்வரிசியும் சேர்த்துக் காய்ச்சி, சாயம் கலந்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டிய நூலில் தடவிக் காயவைப்பார்கள். அதுதான் மாஞ்சா. வானத்தில் இரண்டு காத்தாடிகள் பின்னிக்கொண்டு ஒன்றையொன்று அறுப்பது டீல். அறுந்து ஆடி ஆடி வரும் காத்தாடிக்காகத் தெருவே ஓடும். அந்த மாஞ்சாவிலும் புறாக்கள் அடிபட்டன, பருந்துகள் அடிபட்டன. அந்த நூலைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு அடியில் இருந்தது பருத்தி. அது வருடக்கணக்கில் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

பிறகு இந்த ஊர் மாறிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1990-களின் இறுதியில் பக்கத்து மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2002-ல் தெற்கே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஷிப்ட் பஸ்கள் விடியுமுன்னே வரிசை கட்டின. வயல்கள் மனையாயின, மனைகள் வாடகை வீடுகளாயின. ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதற்காக வந்த வீடுகளும் கம்பிகளும் போகவில்லை.

இதில் காத்தாடிக்கு நேர்ந்தது என்ன? திடல் போனது. வயலில் நின்று விட்டவன் மொட்டை மாடிக்கு ஏறினான். வயலில் காத்தாடி விழுந்தால் தாளின்மேல் விழும், ஓடிப்போய் எடுக்கலாம். மாடியிலிருந்து விட்ட காத்தாடி அறுந்தால் அது போய் விழுவது மின்கம்பியில், செல்போன் கோபுரத்தில், தெருவிளக்குக் கம்பத்தில், சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில். எடுக்க வழியே இல்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் நூல் அவ்வளவு மலிவு. காத்தாடி போனால் பத்து இருபது ரூபாய் நஷ்டம். நூறு அடி நூல் கம்பியில் கிடந்தால் யாருக்கும் கவலை இல்லை.

நூலும் பழைய நூல் அல்ல. சைனா மாஞ்சா என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் நம் நாட்டிலேயே தயாராகும் நைலான் இழை. மீன் தூண்டில் நரம்பு தெரியும் அல்லவா, அந்த இனம். சிலவற்றில் கண்ணாடித்தூள், சிலவற்றில் உலோகத்தூள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தால் அறாது. முதலில் கொஞ்சம் நீளும், பிறகு விரல் தோலுக்குள் இறங்கும். வெயில் பின்னால் இருந்தால் மனிதக் கண்ணுக்கே தெரியாது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் வரும் பறவைக்கு எப்படித் தெரியும்?

ஏரிக்கரை மரம் ஒன்றில் மாட்டிய வக்காவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். வக்கா இரவுக் கொக்கு. பகலெல்லாம் மரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் மீன் தேடிக் கிளம்பும். இது கிளம்பிய இடத்திலேயே சிக்கியிருந்தது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், இறக்கையின் முன்விளிம்பாக ஒரு தோல் மடிப்பு இருக்கிறது. மெல்லிய சவ்வு போன்ற அந்த மடிப்புக்குள் ஒரு தசைநாண் ஓடுகிறது. இறக்கையை விறைப்பாக விரித்துப் பிடிப்பது அந்த நாண்தான். நூல் சரியாக அங்கே இறங்கியிருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. மேலே இருந்த சாம்பல் இறகுகளைத் தூக்கிப் பார்க்காவிட்டால் காயம் இருப்பதே தெரியாது. ஆனால் பறவை உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் நூல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மரத்திலிருந்து இறக்கியபோது அதன் சிவந்த கண் திறந்துதான் இருந்தது. விரல் பக்கம் வந்தால் அலகால் குத்தியது. உயிர் இருந்தது. பறக்கும் இறக்கை இல்லை.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் சொல்லும் வேதனை இதுதான்: செத்துப்போன பறவைகளைவிட, செத்துப்போகாத பறவைகள் அதிகம். எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டுக் காத்திருக்கலாம். அந்த நாண் அறுந்தால் தையல் போட்டாலும் பழைய விரிப்பு வருவது அபூர்வம். பருந்துக்கும் நாரைக்கும் அது ஆயுள் தண்டனை.

இன்னொன்று, நேரம். காத்தாடிக்கு நல்ல காற்று மாலை நான்கு மணிக்கு மேல். வெயிலும் தாழ்ந்திருக்கும், பிள்ளைகளும் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். கொக்குகளும் நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் ஏரியிலிருந்து அடையும் மரத்துக்குக் கூட்டமாகத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். வக்காவும் கூகையும் பழந்தின்னி வௌவாலும் புறப்படுவதும் அப்போதுதான். ஒரே காற்றில், ஒரே உயரத்தில், ஒரே மணிக்கு.

இந்த ஊருக்கென்று இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம், அதையடுத்துக் கரிக்கிலி. இரண்டும் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கூடு கட்டும் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அந்த ஏரிகளுக்குள் மட்டுமே இரை தேடுவதில்லை. சுற்று வட்டாரத்து ஏரி, வயல், குட்டை எல்லாம்தான் அவற்றின் சமையலறை. ஐப்பசி மழைக்குப் பின் கூடு கட்டி, தையில் குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் மும்முரத்தில் இருக்கும். பொங்கல் விடுமுறையும் அப்போதுதான். பொங்கலன்று ஒரு நாரை நூலில் மாட்டினால் கணக்கு ஒன்று அல்ல. இணைகள் மாறி மாறித்தான் இரை கொண்டுவரும். ஒன்று திரும்பாவிட்டால், மற்றது கூட்டைக் காப்பதா, இரைக்குப் போவதா? கூட்டில் இருக்கும் குஞ்சுகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

வேடந்தாங்கல்காரர்கள் பறவைக்காகப் போராடியது புதிதல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பட்டயம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகையைப் பறவைக்காக மாற்றி அமைத்துக்கொள்வது தமிழ்நாட்டு ஊர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

பொங்கலுக்குக் காத்தாடி விடுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் இல்லை. இங்கே அது அறுவடை முடிந்த வயலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஆடிக் காற்றுக்கும் உரியது. சங்கராந்திக் காத்தாடி வடக்கே, குஜராத்தில் தொடங்கி உத்தரப்பிரதேசம், பீகார் வரை. ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்கள்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று தெருவில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சம்மதம் இல்லை. கண்ணாடி தடவிய நூலைச் சென்னை யாரிடமும் இரவல் வாங்கவில்லை. நைலானை வாங்குகிறவன் எந்த மொழி பேசினாலும் நூல் ஒரே மாதிரிதான் அறுக்கிறது.

வடக்கே இதன் முழு விலையையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அகமதாபாத்தில் ஜனவரி 14, உத்தராயண் அன்று வானமே தெரியாது. அடிபடும் புறாக்களும் நாரைகளும், அழிவின் விளிம்பில் இருக்கும் பிணந்தின்னிக் கழுகுகள்கூட, மருத்துவ முகாம்களுக்கு வந்துகொண்டே இருக்கும். 2017 முதல் குஜராத் அரசு ஜனவரி 10 தொடங்கி 20 வரை ‘கருணா அபியான்’ என்று மீட்பு இயக்கமே நடத்துகிறது. வனத்துறை, கால்நடை மருத்துவர்கள், தொண்டர்கள் எல்லோரும் இறங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் பறவைகள் சிகிச்சைக்கு வருகின்றன. காலையிலும் அந்தியிலும் விடாதீர்கள் என்று மன்றாடுகிறார்கள்.

டெல்லியில் நதீம் ஷேஹ்சாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் வஜீராபாத்தில் கரும்பருந்துகளுக்கு வைத்தியம் செய்கிறார்கள். இளம் வயதில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது, இறைச்சி தின்னும் பறவை என்று அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தாங்களே கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம் 2022-ல் சன்டான்ஸ், கான் விழாக்களில் பரிசு பெற்றது. அவர்களிடம் வரும் பருந்துகளில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது மாஞ்சா. சுதந்திர தினத்தையொட்டி டெல்லி காத்தாடி விடும். பருந்துகளுக்கு அதுதான் கெட்ட காலம்.

நம் பக்கம் இந்த நூலைச் சட்டம் கவனித்தது குழந்தைகள் செத்த பிறகுதான். 2015-ல் பெரம்பூரில் அப்பாவோடு பைக்கில் போன ஐந்து வயதுப் பையன். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் மூன்று வயதுக் குழந்தை. இருவருக்கும் கழுத்தில். சென்னை மாநகரக் காவல்துறை தடையுத்தரவைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தது. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்திருந்தது. 2023-ல் தமிழ்நாடு அரசும் தனியாகத் தடை அறிவித்தது: செய்யக்கூடாது, விற்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, பயன்படுத்தக்கூடாது. டெல்லி அரசு 2017-லேயே இன்னும் ஒரு படி மேலே போய், எதுவும் பூசாத வெறும் பருத்தி நூல் மட்டும்தான் என்று சொல்லியிருந்தது. அதுதான் சரியான கோடு என்று நான் நினைக்கிறேன். நைலானைத் தடுத்துக் கண்ணாடியை விட்டால் பாதி வேலைதான். ஆனால் கூரியர் பார்சலில் வரும் நூல்கண்டை எந்த அறிவிப்பும் தடுத்து நிறுத்துவதில்லை.

காத்தாடியே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அறுப்பதைக் காத்தாடியிலிருந்து பிரித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைப் பார்க்க வேண்டும். தைப்பொங்கல் அன்று கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவில் யாரும் யாரையும் அறுப்பதில்லை. ஆளுயரத்துக்கும் மேலான கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் எல்லாம் ஏறுகின்றன. விண் கட்டிய பட்டம் காற்றில் கூவுகிறது. கட்டின கையைத்தான் ஊர் மெச்சுகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் மாவட்டத்திலேயே மாமல்லபுரத்தில் 2022 ஆகஸ்டில் சுற்றுலாத்துறை சர்வதேசக் காத்தாடித் திருவிழாவைத் தொடங்கியது. அங்கேயும் பெரிய பெரிய உருவங்கள் கடற்காற்றில் நின்றன, டீல் கிடையாது. சனம் அலைமோதியது.

திருவிழா முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தை போய் மாசி, பங்குனி வந்துவிடும். யாரும் காத்தாடி விடாத நாட்கள். நூல் மட்டும் வேப்பமரத்துக்கும் கேபிள் ஒயருக்கும் நடுவில் கிடக்கும். கோடையில் காக்கை கூடு கட்டத் தொடங்கும்போது சுள்ளி, கம்பி, கயிற்றோடு அந்த நூலையும் இழுத்துக்கொண்டு போகும். மெத்தென்று இருக்கட்டும் என்று உள்ளே வைக்கும். குஞ்சு வளரும்போது அதன் கால் நூலில் சுற்றிக்கொள்ளும். கால் பருக்கும், நூல் பருக்காது. ரத்த ஓட்டம் நின்று பாதம் கருகிவிடும். பறக்கும் வயதில் மற்றக் குஞ்சுகள் கிளையில் ஏறும். இது கூட்டோடு கட்டுண்டு கிடக்கும். காக்கை கூட்டில் முட்டையிடும் குயிலின் குஞ்சுக்கும் இதே கதிதான். மாடப்புறாக்களின் பாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், விரல் இல்லாத பாதங்கள் எத்தனையோ தெரியும்.

தொங்கும் பறவையைப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நூலைப் பிடித்து இழுக்கக்கூடாது. காயத்திலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு பக்கமும் நூலைக் கத்தரித்துவிட்டு, சதைக்குள் இருப்பதை டாக்டரிடம் விட்டுவிட வேண்டும். துண்டைப் போட்டு மூடி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தால் துடிப்பு அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மின்கம்பியில் தொங்கினால் கம்போ குச்சியோ எடுத்துக்கொண்டு ஏறவே கூடாது. மின்வாரியத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வனத்துறைக்குச் சொன்னால் மேல் சிகிச்சைக்கு வழி கிடைக்கும்.

பறவை மாட்டும் வரை காத்திருக்காமல் செய்ய ஒன்று உண்டு. குஜராத்தில் உத்தராயண் முடிந்த மறுநாளிலிருந்து தெருத்தெருவாகப் போய்ச் சிக்கல் நூலைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். சில இடங்களில் எடைக்கு எடை காசும் கொடுக்கிறார்கள். இங்கே முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி இல்லாத வீடு குறைவு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தொரட்டிகள் கிளம்பினால் போதும். மின்கம்பி அருகே போகாமல், கைக்கு எட்டும் மரங்களில் மட்டும் இழுத்தாலே பெரிய உருண்டை சேரும். காக்கை சுள்ளி பொறுக்கத் தொடங்குவதற்கு இன்னும் நாள் இருக்கும்போதே அதைச் செய்துவிடலாம். இழுத்த நூலைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் குப்பையில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் குப்பைமேட்டிலிருந்து அதே காக்கை திரும்ப எடுத்துக்கொண்டு போகும்.